பொறி காட்டும் குறி

தமிழில் 'பொறி' என்பது பல பொருள் தரும் ஒரு சொல். கண், காது, மூக்கு முதலியவற்றை ஐம்பொறி என்கிறோம். அடுப்பிலிருந்து தெறிக்கும் நெருப்புத் துகள் தீப்பொறி. சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் கயலையும் தம் இலச்சினையில் பொறித்தனர். அவ்வடையாளத்திற்கும் பொறி என்றே பெயர். மனிதன் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ள அமைத்த எந்திரமும் பொறியே. இந்நான்கு பொருளும் ஓரிடத்தில் கூடுமோ என்று முற்காலத்து உரையாசிரியரைக் கேட்டிருந்தால் அவர் சற்றே தயங்கியிருப்பார். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் கார் ஒன்றில் நான்கும் ஒருங்கே இருக்கக் காணலாம். அதன் எஞ்சின் ஒரு பொறி. அதனுள்ளே இடைவிடாது தீப்பொறி பறக்கிறது. வெப்பத்தையும் காற்றையும் அதிர்வையும் அறிவதற்கு அதனைச் சுற்றிலும் உணர்பொறிகள் அமைந்துள்ளன. பணிமனைகளில் இவற்றைச் சென்சார் என்பர். உள்ளே கோளாறு நேர்ந்தால், ஓட்டுநரின் கண்முன்னே ஓர் அடையாளப் பொறி மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது. அதனையே 'செக் எஞ்சின்' விளக்கு என்றும், சுருக்கமாக எஞ்சின் விளக்கு என்றும் மக்கள் வழங்குகின்றனர்.

அவ்விளக்கு எஞ்சினின் உருவத்தைச் சிறிதாக வரைந்தாற்போல இருக்கும். சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் இயங்குமுன், அது தானே எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். தான் பழுதின்றி இருப்பதற்கு விளக்குத் தரும் சான்று அது. பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கவனித்தல் நன்று. சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையெனில், விளக்கே கெட்டிருக்கலாம். அல்லது குறையை மறைக்க விரும்பிய ஒருவர் அதன் வாயை அடைத்திருக்கலாம்.

வண்டி ஓடும்போது இவ்விளக்கு எரியக் கண்டவர் செய்வன பலவகை. சிலர் அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுக் கவலையின்றி ஓட்டுவர். சிலர் அஞ்சி, முதலில் எதிர்ப்படும் பணிமனையில் வண்டியை விட்டு, அங்கு மாற்றச் சொன்ன உறுப்பையெல்லாம் மாற்றிப் பொருளை இழப்பர். முன்னவர் நோயை மறைப்பவர். பின்னவர் நோய் இன்னதென்று தெரியுமுன்னே மருந்து உண்பவர். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு ஒரு வரிசை வகுத்துள்ளார். நோயை அறிதல் முதலாவது. அது பிறந்த மூலத்தை அறிதல் அடுத்தது. தீர்க்கும் வழியைத் தேடுதல் அதற்குப் பின்னர். எஞ்சினைப் பொறுத்தவரை இவ்வரிசையின் முதலிரண்டு படிகளைப் பெரும்பாலும் வீட்டு வாயிலிலேயே ஏறிவிடலாம்.

கழற்றிப் பார்த்துக் காரணம் அறியும் பழக்கம் கொங்கு நாட்டில் நெடுநாளாக உண்டு. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு என வழங்கப்பெறும் கோ. துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு மிகச் சிறிதே வாய்த்தது. இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதிலேறி ஊரைச் சுற்றியதோடு அமையவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று தாமே கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனத்தை வளர்த்தார். 1974இல் மறைந்த அவருடைய பெயரால் கோவை அவினாசி சாலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காட்சிக்கு வைத்துள்ள முற்காலக் கார்களில் இவ்விளக்கைத் தேடினால் கிடைக்காது.

விளக்கு இல்லாத அக்காலத்தில் வினைஞர் எவ்வாறு குறையறிந்தனர்? நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மீது வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டனர். மருத்துவரின் மார்புக் குழல் செய்யும் வேலையை அத்திருப்புளி செய்தது. புகையின் நிறத்தையும் பார்த்தனர். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகை. நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாது வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. சித்த மருத்துவர் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றில் எது மிகுந்தது, எது குறைந்தது என்று நாடி பிடித்துப் பார்ப்பதுபோல், காற்று, எரிபொருள், தீப்பொறி என்னும் மூன்றில் எது பிழைத்தது என்று அவர்கள் ஆராய்ந்தனர். இன்றைய வண்டியிலும் கோளாறுகளுள் பெரும்பாலன இம்மூன்றில் ஒன்றில்தான் முடிகின்றன. நாடி பிடிக்கும் கைதான் மாறியிருக்கிறது.

அக்கை ஒரு சிறு கணிப்பொறி. வண்டிக்குள் ஒரு பெட்டியில் அடங்கியிருக்கும் அதனை ஈ.சி.யு. என்பர். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். உட்புகும் காற்று எவ்வளவு, எஞ்சினின் வெப்பம் எவ்வளவு, சுழற்சி எவ்வளவு என்று உணர்பொறிகள் அனுப்பும் செய்தியைக் கொண்டு, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எக்கணத்தில் தீப்பொறி எழ வேண்டும் என்று கணிப்பொறி ஆணையிடுகிறது. ஆணை சரியாக நிறைவேறியதா என்பதை வெளிவரும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு மற்றோர் உணர்பொறி அறிந்து சொல்கிறது. செருமனி நாட்டுப் பாஷ் நிறுவனம் 1976இல் உற்பத்திக்குக் கொண்டுவந்த இந்த ஆக்சிஜன் உணர்பொறி, சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் முதலில் இடம்பெற்றது. பின்னாளில் இப்பாஷ் நிறுவனமே கோவைச் சரவணம்பட்டிப் பக்கத்தில் மென்பொருட் பணியகம் ஒன்றை அமைத்தது. ஓட்டுநரின் கண்முன்னுள்ள அளவிப் பலகைகளைச் செய்யும் பிரிக்கால் நிறுவனமும் பெரியநாயக்கன்பாளையத்தில் தோன்றிய கோவை நிறுவனந்தான். ஆதலால், வேகமானியின் அருகில் ஒளிரும் சிறு விளக்கு இவ்வட்டாரத்து மக்களுக்கு அயலானது என்று சொல்வதற்கில்லை.

எஞ்சின் விளக்கைச் சட்டம் ஏன் கட்டாயமாக்கிற்று என்பதும் அறியத்தக்கது. வண்டியின் நலத்தைக் காட்டிலும் ஊரார் மூச்சுவிடும் காற்றின் நலமே அதற்குக் காரணம். புகைமூட்டத்தால் வருந்திய அமெரிக்கக் கலிபோர்னியா மாநிலம் 1988இல் இத்தகைய தற்சோதனை அமைப்பை வற்புறுத்தியது. அதன் இரண்டாம் வடிவம் 1996இல் அமெரிக்க நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. இந்தியாவில் பாரத் நான்காம் நிலை விதிகள் 2010இல் பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது கார்களில் இவ்வமைப்பு நுழைந்தது, 2013இல் விரிவடைந்தது. ஆறாம் நிலை விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலும் இவ்விளக்கு இடம்பெற்றது. எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகையைத் தீங்கு குறைந்ததாக மாற்ற, புகைக்குழாயில் ஒரு மாற்றி உண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதனுள் பூசப்பட்டிருக்கும். அம்மாற்றியைக் கெடுக்கக்கூடிய குறை எதுவாயினும் விளக்கு எரிய வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து.

முதலில் விளக்கின் நிறத்தையும் நடையையும் நோக்குதல் வேண்டும். எண்ணெய்க்குடம் போன்ற வடிவில், அல்லது வெப்பமானி வடிவில், சிவப்பு விளக்கு எரிந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. தகுந்த இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தம் இழந்த எஞ்சின் சில நிமிடங்களிலேயே உருக்குலைந்துவிடும். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், மெதுவாக வீடு சேரலாம். ஆயினும் பல நாள் தள்ளிப்போடலாகாது. அதே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு இமைத்தால் பொருள் வேறு. உருளை ஒன்றில் பெட்ரோல் எரியாமலே வெளியேறி, மாற்றிக்குள் சென்று, அங்கே எரிந்து அதனைப் பழுக்கக் காய்ச்சுகிறது என்பது அதன் பொருள். இமைக்கும் விளக்கோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைமேல் ஏற முயல்வது பேதைமை.

வீட்டில் செய்யத்தக்க சோதனையில் கண்ணே முதற்கருவி. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே முன்மூடியைத் திறக்க வேண்டும். சூடாக உள்ள ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பாய்ந்துவிடும். எண்ணெயின் அளவு, நீரின் அளவு, பேட்டரி முனைகளில் படிந்த பூஞ்சணம், காற்று வடிகட்டியில் அடைந்த புழுதி, பிளந்த ரப்பர்க் குழாய் இவற்றைப் பார்க்கலாம். தோட்டத்துச் சாளைகளில் வண்டி நிறுத்துவோர் எலியையும் மறத்தல் கூடாது. மழைக் காலத்தில் எலிகள் இளஞ்சூடு தேடி எஞ்சினருகே ஒதுங்கி ஒயர்களைக் கடித்துவிடும். விலையுயர்ந்த உணர்பொறி கெட்டதென்று மாற்றிய பின்னும் விளக்கு அணையாமல், ஈற்றில் எலி கடித்த ஒரு சாண் ஒயரே காரணமெனத் தெரியவருவது பணிமனைகளில் அரிய செய்தியன்று. எஞ்சின் விளக்கு எரிந்தால் பெட்ரோல் மூடியை இறுக்கிப் பார் என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. அது அமெரிக்காவிலிருந்து வந்த அறிவுரை. அந்நாட்டு விதிப்படி எரிபொருள் ஆவி கசிகிறதா என்பதையும் கணிப்பொறி சோதிக்கிறது. இங்குள்ள வண்டிகள் பலவற்றில் அச்சோதனை இல்லை. மூடியை இறுக்குவதில் தீங்கில்லை. அதனையே மருந்தென நம்பியிருத்தல் தவறு.

கண்ணுக்கு எட்டாத குறையைக் கேட்டறிய ஒரு கருவி உண்டு. ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே, முழங்காலுக்கு அருகில், பதினாறு முனைகள் கொண்ட இணைப்புவாய் ஒன்று இருக்கும். தீப்பெட்டி அளவான கருவியை அதிற் செருகினால், கணிப்பொறி தன் நினைவில் வைத்துள்ள குறியீட்டைக் கைப்பேசியிற் படிக்கலாம். குறியீடு ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இடங்களும் கொண்டது. எஞ்சின், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் குறைகள் 'பவர்டிரெயின்' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய 'பி' என்பதில் தொடங்கும். அடுத்துச் சுழியம் வந்தால் எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவான குறியீடு. ஒன்று வந்தால் அந்நிறுவனத்தார்க்கே உரியது. அதற்கடுத்த இலக்கம் இனத்தைக் காட்டும். ஒன்றும் இரண்டும் காற்று, எரிபொருள் பற்றியன. மூன்று தீப்பொறி பற்றியது. நான்கு புகையைத் தூய்மைப்படுத்தும் உறுப்புகள் பற்றியது. ஆகவே பி 0302 என்றால் இரண்டாம் உருளை சரியாக எரியவில்லை என்றும், பி 0420 என்றால் மாற்றியின் திறன் குறைந்துள்ளது என்றும் பொருள்படும். இலக்கண நூற்பாவைப்போல் இது மிகச் சுருங்கிய சொல். உரை எழுதுவது படிப்பவர் கடமை.

அவ்வுரையில்தான் பலர் வழுக்கி வீழ்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நெகமம் பக்கத்து உழவர் ஒருவர் தம் சிறிய பெட்ரோல் சரக்கு வண்டியில் தக்காளியை ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவுச் சந்தைக்குப் போகிறார். பத்தாம் வகுப்பிற் பயிலும் மகள் அருகில் அமர்ந்திருக்கிறாள். ஒரு வாரமாக எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. முன்பு பார்த்த பணிமனையில், மாற்றி கெட்டுவிட்டது, புதிது போட வேண்டும் என்று சொன்ன தொகை அவருக்கு அந்தப் பருவத்துத் தக்காளியில் கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிடும் போலிருந்தது. ஆதலால் அவர் விளக்கைப் பாராதிருக்கப் பழகிக்கொண்டார். இன்று வண்டி குலுங்குகிறது, விளக்கும் இமைக்கிறது.

"வண்டியை நிறுத்துங்கள் அப்பா, விளக்கு விட்டுவிட்டு எரிகிறது" என்கிறாள் மகள்.

"ஏலம் முடிந்துவிடும் கண்ணு. இன்னும் சிறிது தொலைவுதானே?"

"புகைக்குழாய் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும் அப்பா."

அவர் நிறுத்துகிறார். அதே வழியில் வரும் வேறொரு வண்டியில் தக்காளிப் பெட்டிகள் சந்தைக்குப் போகின்றன. வாடகை போக மிஞ்சியது கொஞ்சமே. பழுதான வண்டியைக் கயிறு கட்டித் தோட்டத்திற்கு இழுத்து வருகின்றனர். அன்று மாலை, பக்கத்து ஊர் வினைஞர் தம் கருவியோடு வருகிறார். செருகிப் பார்த்தபோது இரண்டு குறியீடுகள் தோன்றுகின்றன: பி 0302, பி 0420. முன்பு பார்த்தவர் பின்னதை மட்டும் கருதி மாற்றியைப் போடச் சொன்னார். ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் மாறுகிறது. இரண்டாம் உருளை எரியாததால் பெட்ரோல் வீணாய் மாற்றிக்குள் சென்றது. மாற்றியின் திறன் குறைந்தது. முன்னது காரணம், பின்னது விளைவு. காரணத்தை விட்டுவிட்டு மாற்றியைப் புதிதாகப் போட்டிருந்தால், அப்புதிய மாற்றியும் எரிந்து போயிருக்கும்.

இரண்டாம் உருளை ஏன் எரியவில்லை? காயில் கெட்டிருக்கலாம், ஸ்பார்க் பிளக் கெட்டிருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைபட்டிருக்கலாம், உருளையில் அழுத்தமே குறைந்திருக்கலாம். எதையும் வாங்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வினைஞர் முதலில் குறியீடுகளையும், குறை தோன்றிய கணத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்று கணிப்பொறி பதிந்துவைத்த குறிப்பையும் தாளில் எழுதச் சொல்கிறார். அழித்துவிட்டால் அவை திரும்பக் கிடைக்கமாட்டா. பின்னர், எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டாம் உருளையின் காயிலைக் கழற்றி மூன்றாம் உருளையிலும், மூன்றாவதனுடையதை இரண்டாவதிலும் மாற்றிப் பூட்டுகிறார். ஓடும் எஞ்சினில் காயிலைத் தொடலாகாது; அதிற் பிறக்கும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். குறியீட்டை அழித்து, எஞ்சினைத் திறந்தவெளியில் ஓடவிடுகின்றனர். மூடிய சாளைக்குள் ஓடவிட்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே பறித்துவிடும்.

சிறிது நேரத்தில் விளக்கு மீண்டும் இமைக்கிறது. மகள் கைப்பேசியைப் பார்த்துப் படிக்கிறாள்: பி 0303. குறை காயிலோடு சேர்ந்து மூன்றாம் உருளைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. குற்றவாளி காயில் என்பதில் இனி ஐயமில்லை. பி 0302 என்றே மீண்டும் வந்திருந்தால் காயில் குற்றமற்றது. அடுத்து ஸ்பார்க் பிளக்கை அவ்வாறே இடம் மாற்றிப் பார்த்திருப்பர். உழவர் வாங்க வேண்டியது ஒரு காயில் மட்டுமே. அதன் விலை மாற்றியின் விலையில் மிகச் சிறு பங்கு. மாற்றி பிழைத்ததா என்பதைச் சில நாள் ஓட்டிய பின்னரே அறிய முடியும். ஒரு வாரம் எரியாத பெட்ரோலைக் குடித்த மாற்றி தேறுவதும் உண்டு, தேறாததும் உண்டு.

மேலே கண்டது தீப்பொறியின் பிழை. காற்றின் பிழையைக் கண்டுகொள்வது இன்னும் நுட்பமானது. பி 0171 என்னும் குறியீடு, வேண்டிய அளவினும் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்று கூறும். இதனைக் கண்டவுடன் ஆக்சிஜன் உணர்பொறியைக் கழற்றி எறிவது பெருவழக்கு. உணர்பொறியோ உள்ளதை உள்ளவாறு உரைத்த தூதன். தூதனைத் தண்டித்தல் முறையன்று. கருவியில் 'பியூயல் டிரிம்' என்னும் எண்ணைப் பார்க்க வேண்டும். குறையை ஈடுசெய்யக் கணிப்பொறி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். நலமான எஞ்சினில் அது பெரும்பாலும் 10 விழுக்காட்டிற்குள் அடங்கும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்வெண் 20க்கு மேலிருந்து, நிமிடத்திற்கு 2500 சுற்றாக உயர்த்தியதும் இறங்கிவிட்டால், எங்கோ ஒரு குழாய் பிளந்து திருட்டுக் காற்று புகுகிறது. மெதுவாக ஓடும்போது அச்சிறு காற்று பெரும்பங்காகிறது. எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும்போது அது பொருட்படுத்தத் தகாததாகிவிடுகிறது. மாறாக, வேகமும் பாரமும் கூடக்கூட அவ்வெண்ணும் ஏறினால், பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம். அல்லது பம்பின் வலிமை குன்றியிருக்கலாம். வாய்க்காலில் மடை உடைந்ததா, கிணற்று மோட்டாரே இறைக்கவில்லையா என்று பிரித்தறியும் கொங்கு உழவருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

டீசல் வண்டிகளில் வீட்டுச் சோதனை விரைவில் எல்லையைத் தொட்டுவிடும். எரிபொருள் குழாயில் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்டது. கசியும் இடத்தை விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். ஆதலால் குறியீட்டைப் படித்தல், ஒயரையும் வடிகட்டியையும் பார்த்தல் இவற்றோடு நின்றுகொண்டு, மற்றதைத் தேர்ந்த வினைஞரிடம் விடுதல் வேண்டும். ஆறாம் நிலை டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நகருக்குள் காந்திபுரத்திற்கும் உக்கடத்திற்குமாகக் குறுந்தொலைவே ஓடும் வண்டியில், அக்கரியை எரிக்கும் அளவு வெப்பம் பிறவாமல் வடிகட்டி அடைபடும். அதற்கென உள்ள விளக்கு எரியத் தொடங்கிய நிலையில், வண்டியின் கையேடு சொல்லும் முறைப்படி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட்டினாலே பெரும்பாலும் கரி எரிந்து வழி திறந்துவிடும். இருசக்கர வண்டிகளின் இணைப்புவாய் வடிவில் வேறுபட்டது; காருக்குரிய கருவியைச் செருக இடையிணைப்பு ஒன்று வேண்டும்.

குறியீட்டை அழிக்கும் பொத்தான் கருவியிலேயே உள்ளது. அதனை அழுத்தி விளக்கை அணைப்பதே பழுதுபார்த்தல் என்று எண்ணுவோர் உளர். அழிக்கும்போது குறியீடு மட்டும் போவதில்லை. கணிப்பொறி தன் உறுப்புகளைச் சோதித்து முடித்த முடிவுகளும் உடன் அழியும். அதனால் அது தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உண்மையில், யாரும் அழிக்காவிடினும், குறை நீங்கியிருந்தால் விளக்கு தானே அணையும். ஒரு முறை கண்ட குறையைக் கணிப்பொறி பெரும்பாலும் உடனே அறிவிப்பதில்லை. அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அதே குறையைக் கண்டாலே விளக்கை ஏற்றும். அவ்வாறே, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதித்தும் குறை தோன்றவில்லையெனில் விளக்கை அணைக்கும். அப்போதும் குறியீட்டை நினைவில் வைத்திருக்கும். எஞ்சின் குளிர்ந்து மீண்டும் சூடேறும் தடவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பது தடவையும் அக்குறை மீளாதிருந்த பின்னரே அவ்வெண்ணைத் தன் ஏட்டிலிருந்து நீக்குகிறது.